சீனாவிலிருந்து நேரடியாக சோலர் பம்ப் எடுக்கிறவர்கள் காசு போடமுன் இதைப் பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தோட்டம் செய்கிறவர்கள் பலர் மண்ணெண்ணெய் மோட்டரை விட்டுவிட்டு சோலர் பம்ப் தேடுகிறார்கள். கடையில் விலை கேட்டு மனம் சோர்ந்து, அதே பம்பின் படம் 'அலிபாபா' என்ற சீன இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடப்பதைக் கண்டதும் நேரடியாக ஓடர் போடுகிறார்கள். நல்ல பம்ப் செய்யும் தொழிற்சாலைகள் சீனாவில் நிறைய உண்டு. அவற்றுக்கு நடுவிலே இருந்துகொண்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஒரு போகத்துக் காசு முழுவதும் போய்விடும் விஷயம் என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

ஏமாற்று பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. முதலில் தளத்துக்குள் மரியாதையாகப் பேசுவார்கள். இரண்டு நாளில் வட்ஸ்அப்புக்குக் கூப்பிடுவார்கள். அங்கே போனதும், "தளத்தின் கமிசன் மிச்சம், விலையில் கழித்துத் தருகிறோம், வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்" என்பார்கள். அனுப்பிய அந்த நிமிடத்தோடு உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது. அலிபாபாவின் 'ட்ரேட் அஷுரன்ஸ்' என்ற பணப் பாதுகாப்பு, தளத்துக்குள் கட்டிய காசுக்கு மட்டும்தான். பெரிய ஓடருக்கு வங்கி மூலம் அனுப்பத்தான் வேண்டுமென்றாலும், தளம் அந்த ஓடருக்கென்று காட்டும் கணக்குக்கே அனுப்புங்கள். கொம்பனி ஒரு பெயர், கணக்கு ஒரு தனி ஆளின் பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். முற்பணம் 30 வீதம் கட்டியபின், "பழைய கணக்கு தணிக்கையில் இருக்கிறது, மிச்சத்தைப் புதிய கணக்குக்குப் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால், விற்பவரின் மின்னஞ்சலுக்குள் வேறு யாரோ புகுந்திருக்கலாம். தளத்துக்குள்ளேயே திரும்பக் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

விற்பவரின் பெயரோடு தளம் காட்டும் 'கோல்ட் சப்ளையர்' என்பது காசு கட்டி வாங்கும் உறுப்புரிமை, நேர்மைக்குக் கொடுத்த பட்டம் இல்லை. 'வெரிஃபைட்' என்றால் வெளி நிறுவனம் ஒன்று போய்ப் பார்த்திருக்கிறது. கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வியாபார அனுமதிப் பத்திரத்தின் படத்தைக் கேளுங்கள். அதில் இலக்கமும் ஆங்கில எழுத்துமாக 18 இடங்கள் கொண்ட பதிவு எண் இருக்கும். சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சீன மொழிப் பெயரும் தொடங்கிய ஆண்டும் தெரியும்.

இனிப் பொருள். காசைத் தளத்துக்குள் கட்டியும் ஏமாறுவது இங்கேதான். விளம்பரத்தில் இப்படி இருக்கும்: 500 வாட்ஸ், உயரம் 60 மீற்றர், மணிக்கு 6000 லீற்றர். மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்காது. 60 மீற்றரில் தண்ணி வருவதே நின்றுவிடும்; 6000 லீற்றர் என்பது உயரமே இல்லாமல் பம்பின் வாயிலேயே ஊற்றும் கணக்கு. ஒரு சின்னக் கணக்கை மனதில் வையுங்கள்: மணிக்கு எத்தனை லீற்றர், அதை உயரம் எத்தனை மீற்றரோ அதால் பெருக்கி 367ஆல் பிரித்தால், தண்ணியை மேலே தூக்க மட்டும் வேண்டிய வாட்ஸ் வரும். 6000ஐ 60ஆல் பெருக்கிப் பிரித்தால் ஏறத்தாழ 980. 500 வாட்ஸ் மோட்டர் 980 வாட்ஸ் வேலை செய்யாது. 20 மீற்றரில் 5000 லீற்றர் என்றால் 272 வரும். மலிவுப் பம்புகளில் பாதிக்கு மேல் வீணாகும் என்பதால் 600 வாட்ஸ் மோட்டராவது வேண்டும். ஆகவே, "20 மீற்றரில் எத்தனை லீற்றர்?" என்று கேட்டு, எந்த உயரத்தில் எத்தனை லீற்றர் என்று காட்டும் பம்பின் வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். உயரத்தை மாரியில் அளக்க வேண்டாம். ஆவணியில் கிணறு இறங்கிக் கிடக்கும்போது தண்ணி மட்டத்திலிருந்து தாங்கியின் வாய் வரை அளந்து, குழாயில் இழக்கும் அழுத்தத்துக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பனலுக்கு அளவுநாடா போதும். சாதாரணமாக விற்கும் பனலில் ஒரு சதுர மீற்றர் நல்ல வெயிலில் 220, 230 வாட்ஸ் அளவில்தான் தரும். உண்மையான 550 வாட்ஸ் பனல் ஏறத்தாழ 2.28 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம், 28 கிலோ. கையில் மடித்துக் கொண்டுபோகும் அரைச் சதுர மீற்றர் பனலுக்கு '300 வாட்ஸ்' என்று ஒட்டியிருந்தால் அது பொய்.

பற்றறிக்குத் தராசு. 12 வோல்ட் 100 ஏஎச் (அம்பியர்-மணி) லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றறி பத்துக் கிலோவுக்குக் கிட்ட நிற்கும். நாலு கிலோ என்றால் உள்ளே பாதி செல்கூட இல்லை. இதில் ஒரு சுகம் இருக்கிறது: விளம்பரத்தில் பொய் எழுதுகிறவர் பொதியின் நிறையைப் பெரும்பாலும் சரியாகத்தான் போடுவார், கப்பல் கூலி நிறைக்குத்தானே. அந்த வரியைத் தேடிப் பிடியுங்கள்.

பனலுக்கும் பற்றறிக்கும் நடுவில் நிற்கும் கொன்ட்ரோலரில் இரண்டு வகை: 'எம்பிபிரி' பனலின் மிஞ்சிய வோல்ட்டை அம்பியராக மாற்றித் தரும், 'பிடபிள்யூஎம்' அதை வீணாக்கும். 'எம்பிபிரி' என்று ஒட்டிய மலிவுக் கொன்ட்ரோலர் பல வெறும் 'பிடபிள்யூஎம்'. பற்றறி நிரம்பாமல் இருக்கும்போது, நல்ல வெயிலில், பனலிலிருந்து வரும் அம்பியரையும் பற்றறிக்குப் போகும் அம்பியரையும் வயரைக் கவ்வி அளக்கும், டிசி காட்டக்கூடிய கிளாம்ப் மீற்றரால் அளந்து பாருங்கள். பனலில் எழுதியிருக்கும் வோல்ட் பற்றறியை விட நன்றாகக் கூட இருந்தும் இரண்டு அம்பியரும் ஒன்றென்றால் எம்பிபிரி இல்லை. வயரின் முனையை வெட்டி, ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செப்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். நீள ஓட்டத்தில் சூடாகும், பம்புக்கு வோல்ட் விழும்.

இந்த எண்கள் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 'சோலர் பம்ப் 1' என்று மட்டும் எழுதியிருந்தால், எது வந்தாலும் அது சோலர் பம்ப்தான். வாட்ஸ், எந்த உயரத்தில் எத்தனை லீற்றர், வயர் எத்தனை மீற்றர், செப்பா, நிறை எவ்வளவு என்று தளத்தின் ஓடருக்குள்ளேயே எழுதுவியுங்கள். பிணக்கு வந்தால் தளம் பார்ப்பது அதைத்தான்.

விலையிலும் ஒரு பொறி. 'எக்ஸ்வேர்க்ஸ்' விலை தொழிற்சாலை வாசல் வரை மட்டும். 'சிஐஎஃப் கொழும்பு' (கொழும்புத் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலை) என்று கப்பல் கூலியை மிகக் குறைத்துச் சொன்னால், கொழும்பில் பொருளை விடுவிக்கும் முகவர் அந்தக் குறையைத் தன் கட்டணத்தில் வாங்கிவிடுவார். அந்தக் கட்டணத்தை ஓடருக்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். சுங்கத் தீர்வை, 18 வீத வற் வரி, கொழும்பிலிருந்து ஏ9 வழியே வரும் லொறிக் கூலி எல்லாம் கூட்டினால், பல வேளை வவுனியாக் கடை விலையே மலிவாக இருக்கும்.

பெட்டி வந்தால், முத்திரை உடைக்கமுன்னே தொலைபேசியில் வீடியோவைத் தொடங்குங்கள். விலாசம் ஒட்டிய தாள், தராசில் நிறை, பிறகு திறப்பது, எல்லாம் வெட்டாத ஒரே வீடியோவில் வர வேண்டும். 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானைப் பம்பை ஓட்டிப் பார்க்கும்வரை அமத்த வேண்டாம். முறையிட, அலிபாபாவின் சில்லறைத் தளமான அலிஎக்ஸ்பிரஸில் சாதாரணமாக 15 நாள், அலிபாபாவில் 30 நாள். "முறைப்பாட்டை மூடுங்கள், புதிது அனுப்புகிறோம்" என்று விற்பவர் கெஞ்சுவது அந்த நாட்களைக் கடத்தத்தான். மூடினால் பல வேளை திரும்பத் திறக்க முடியாது. திருப்பி அனுப்பச் சொன்னால், கூலியை அவரே கட்ட வேண்டும் என்று தளத்துக்குள் எழுதுங்கள். பொதி வராமலே 'ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டினால், உங்கள் தபாலகத்தில் பொதியின் கண்காணிப்பு எண்ணைக் காட்டி, அந்த எண்ணுக்குப் பொதி வரவில்லை என்று எழுதி வாங்கி முறைப்பாட்டோடு போடுங்கள்.

பொதிக்காகக் காத்திருக்கும் நாளில், தபால் திணைக்களத்தின் பெயரில் விலாசத்தைத் திருத்தி ஒரு சின்னக் கட்டணம் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வரும். அந்த இணைப்பைத் தொட வேண்டாம், கேட்பது உங்கள் அட்டை இலக்கத்தை. கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே வங்கிக்கு எடுத்து அட்டையை நிறுத்துங்கள்.