ஃபாஸி/வெர்டன்: பரதம் பழகிய கண்ணுக்கு எட்டு அத்தியாயங்கள்

பரத வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே காதில் விழுவது ‘முட்டியை வெளியே தள்ளு, நிமிர்ந்து உட்கார்’ என்பதுதான். அமெரிக்க நடன அமைப்பாளரும் இயக்குநருமான பாப் ஃபாஸியின் ஆட்டம் இதற்கு நேர் எதிர். முட்டி உள்ளே திரும்பும், தோள் கூனும், மணிக்கட்டு தொங்கும், இடுப்பு மட்டும் தனியே பேசும். இந்த அசைவு மொழிக்குப் பின்னால் அவரும் மனைவியும் ஆட்டக்காரியுமான க்வென் வெர்டனும் சேர்ந்து பட்ட பாட்டைச் சொல்கிறது, 2019-இல் எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் வந்த ‘ஃபாஸி/வெர்டன்’. சாம் ராக்வெல் ஃபாஸியாகவும் மிஷல் வில்லியம்ஸ் வெர்டனாகவும் நடித்திருக்கிறார்கள். மயிலாப்பூரிலோ அடையாறிலோ சலங்கை கட்டிப் பழகியவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய தொடர் இது. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிடலாம்.

முதலில் உடம்பு. வெர்டனுக்குச் சிறுவயதில் எலும்பு மெலியும் ரிக்கெட்ஸ் நோய். கால் வளைந்து, கனத்த பூட்ஸ் போட்டு நடந்த குழந்தைக்கு வைத்தியம் போலத்தான் நடனம் வந்து சேர்ந்தது. ஃபாஸி தலைமுடி கொட்டியதை மறைக்கத் தொப்பி போட்டவர். தொப்பியும் கையுறையும் பிறகு அவர் ஆட்டத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டன. உடம்பின் குறையையே நடையாக்கிக்கொண்ட இரண்டு பேர் சந்தித்தால் என்ன ஆகும்? இரண்டாம் அத்தியாயத்தின் 1955 ஒத்திகைக் காட்சி அதைத்தான் காட்டுகிறது. ஃபாஸி ஒரு அசைவைச் சொல்கிறார், வெர்டன் செய்து காட்டும்போது அது வேறொன்றாகிறது, ஃபாஸி அந்த வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறார். சொல்லுக்கட்டை, அதாவது தாளச் சொற்களைக் கேட்டவுடன் கால் தானாக எழும் ஆட்டக்காரரும் கைத்தாளத்தை விடாமல் ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரும் எதிரெதிரே உட்கார்ந்து அடவுகளைக் கோர்வையாகக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முட்டி மடக்கிப் பாதி உட்காரும் பரத நிலையான அரைமண்டியில் தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளியே திரும்ப வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பி முட்டியை முன்னால் விட்டால் அது முறுக்கிக்கொள்ளும், வலி அங்கேதான் தொடங்கும். ஃபாஸியின் உள்திருப்பமும் அதே கணக்குதான். அதுவும் இடுப்பிலிருந்து வரவேண்டும். முட்டி மடங்கி நிமிரும் மூட்டு, திருகும் வேலை அதற்குச் சரிப்படாது. ஒரு மணி நேரம் அரைமண்டியில் ஆடிய கையோடு இதற்குத் தாவாதீர்கள்.

மிஷல் வில்லியம்ஸின் நடிப்புக்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது, தகும். 2014-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ‘காபரே’ இசை நாடகத்தில் ஆடிப் பாடியவர், அந்த அனுபவம் உடம்பில் தெரிகிறது. வெர்டனின் நடுங்கும், லேசாகக் கீறலான குரலைப் போலி செய்கிறோம் என்ற நினைப்பே வராதபடி பேசுகிறார். முதல் அத்தியாயத்தில் ஒரு கொரில்லா தலை வருகிறது. மியூனிக்கில் ஃபாஸி இயக்கும் ‘காபரே’ திரைப்படத்தின் படப்பிடிப்பு, உள்ளூரில் கிடைத்த கொரில்லா உடுப்பு சரியில்லை. வெர்டன் நியூயார்க் வரை பறந்துபோய்ச் சரியானதை மடியில் வைத்துக்கொண்டு திரும்புகிறார். அறைக் கதவைத் திறந்தால் கணவர் இன்னொரு பெண்ணோடு. அந்தத் தலையைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் நிலைதான் எனக்கு இந்தத் தொடர் முழுவதும். அந்தப் படம் 1973-இல் ஃபாஸிக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் வாங்கித் தந்தது. அதே ஆண்டில் மேடைக்கான டோனி விருதும் எம்மியும் அவருக்கே. கொரில்லா தலையைச் சுமந்தவர் பெயர் படத்தின் பட்டியலில் இல்லை.

இந்த இடத்தில் நம் ஊர் நினைவு வராமல் இருக்காது. பரதக் கலைஞர்களான தனஞ்சயன், சாந்தா தம்பதி கலாக்ஷேத்திராவில் கற்று, 1968-இல் பரத கலாஞ்சலி என்ற நடனப் பள்ளியைத் தொடங்கி, 2009-இல் பத்ம பூஷணையும் சேர்ந்தே பெற்றார்கள். அங்கே இரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. ஃபாஸி, வெர்டன் விஷயத்தில் நடுவே சாய்கோட்டைப் போட்டு இரண்டாவது பெயரைத் தலைப்பிலேயே ஏற்ற ஒரு தொடர் வரவேண்டியிருந்தது. மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் நட்டுவனாரை வீடியோ எடுப்பவர் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுவது நம் சபாக்களிலும் சகஜம். ஜதி கேட்கும், சொல்பவர் தெரியமாட்டார்.

இனிக் குறை. காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. ‘இத்தனை ஆண்டு மிச்சம்’, ‘இத்தனை நிமிடம் மிச்சம்’ என்று எழுத்து வந்துகொண்டே இருக்கும், எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு துண்டுக் காகிதத்தில் இவ்வளவு எழுதி வைத்துக்கொண்டால் போதும்: 1955 முதல் சேர்ந்த வேலை, 1960 கல்யாணம், 1971 பிரிவு (விவாகரத்து கடைசிவரை இல்லை), 1975 ‘சிகாகோ’ மேடை இசை நாடகம், 1987 ஃபாஸியின் மரணம்.

இதைவிடப் பெரிய மனக்குறை, ஆட்டம் முழுசாக வருவதே இல்லை. நாலு எண்ணிக்கை போவதற்குள் கேமரா முகத்துக்கு ஏறிவிடுகிறது. ஆட்டத்தைப் பார்க்க வந்தவருக்குப் பாதம் வேண்டும், எடை எந்தக் காலில் மாறுகிறது என்று தெரியவேண்டும். பின்பாதி முழுக்க மாத்திரை, சிகரெட், பெண்கள் என்று ஃபாஸி அழிவதையே சுற்றுகிறது, அந்த நேரத்தில் பாதியை ஒத்திகை அறைக்குக் கொடுத்திருக்கலாம். ஐந்தாவது மட்டும் விதிவிலக்கு. பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அடுத்து ‘சிகாகோ’ நாடகமா ஒரு படமா என்று கணவனும் மனைவியும் மோதிக்கொள்வது, வேலையும் தாம்பத்தியமும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடப்பதை மற்ற ஏழையும்விட நன்றாகச் சொல்கிறது.

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர் இல்லை. ஃபாஸி தன் அதிகாரத்தை வைத்து இளம் ஆட்டக்காரிகளை நடத்தும் விதத்தைத் தொடர் மறைக்கவில்லை. குரு என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள எடை தெரிந்தவர்களால் அந்தக் காட்சிகளை லேசாகக் கடந்துபோக முடியாது. மாணவிகளுக்குக் காட்ட நினைக்கும் டீச்சர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. செல்போன் திரையில் வேண்டாம், விரல் அசைவெல்லாம் போய்விடும்.

எட்டும் முடிந்ததும், ‘டாம் யாங்கீஸ்’ என்ற 1958-ஆம் ஆண்டுப் படத்தில் நிஜ ஃபாஸியும் நிஜ வெர்டனும் தொப்பியோடு சேர்ந்தாடும் மாம்போ என்ற லத்தீன் பாணி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை முழுசாக. இரண்டாம் தடவை முகத்தை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும்.