கறுத்த காசைத் துலக்கக் கொடுக்காதீர்கள்: டர்பனில் நான் ஏமாந்தது

எங்கள் ஆயா வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவார். மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த ஐந்து ஷில்லிங் காசின்மேல் மட்டும் ஒருநாளும் கைவைத்ததில்லை. அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

1892ஆம் ஆண்டுக் காசு. ஒருபுறம், தென்னாப்பிரிக்காவில் அப்போது தனிநாடாக இருந்த டிரான்ஸ்வால் குடியரசின் அதிபர் பால் க்ரூகரின் தலை; மறுபுறம் அந்தக் குடியரசின் சின்னம். அந்தச் சின்னத்தில் ஒரு வண்டி உண்டு. அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களின் வண்டிக்கு ஒற்றை ஏர்க்கால்தான். ஜெர்மனியில் அச்சு செய்தவர்கள் இரட்டை ஏர்க்கால் செதுக்கிவிட்டார்கள். ஐந்து ஷில்லிங்கில் அந்தப் பிழையுள்ள காசுதான் அரிது. எங்களுடையது அதுவே.

சென்ற ஆண்டு நகர மையத்தில் பழங்காசு வாங்கி விற்கும் கடையொன்றில் விலை கேட்கப் போனேன். "அழுக்கேறிக் கிடக்கிறதே, அண்ணா. 200 ரேண்ட் கொடுங்கள், புதிதாக்கித் தருகிறேன்" என்றார் கடைக்காரர். பேச்சு முழுவதும் ஆங்கிலம், 'அண்ணா' மட்டும் தமிழ். அதில்தான் மயங்கினேன். அரைமணி நேரத்தில் காசு எவர்சில்வர் கரண்டிபோல் மினுங்கிக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து விற்கப் போனேன். அதே மனிதர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். வெள்ளி எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். யாரோவாம்! என்னிடம் ரசீது இல்லை.

அவர் இரண்டாம் முறை சொன்னது பொய்யல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். வெள்ளியின் கறுப்பு அழுக்கே அல்ல. காற்றிலுள்ள கந்தகம் பட்டு மெல்ல ஏறும் படலம். அச்சு விழும்போது உலோகம் நகர்ந்து உண்டாகும் நுண்ணிய வரிகளால்தான் புதுக்காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம்போல் சுழல்கிறது. பாலிஷ் சக்கரம் அந்த வரிகளைத் தேய்த்துவிடும். அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணாடிபோல் ஒரே பளபளப்பு, அதன்மேல் மயிரிழைக் கீறல்கள். அமிலத்தில் முக்கி எடுத்தாலும் மேல்தோல் கரைந்து காசு வெளிறிப்போகும். என்.ஜி.சி. போன்ற தர நிறுவனங்கள் 70 வரை எண் போட்டுத் தரம் சொல்பவை. துலக்கிய காசுக்கு அந்த எண்ணைத் தராமல் குறையை எழுதி உறையிலிட்டு அனுப்பிவிடுவார்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் தேய்க்காமல் நனைத்தெடுக்கலாம்; அது வெள்ளியைத் தொடாது. அதற்குமேல் எதையும் யாரையும் செய்ய விடாதீர்கள். கடைக்குக் கொண்டுபோகுமுன் இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றால் காசைக் கையை விட்டு விடாதீர்கள்.

வெள்ளி எடைக்கு நான் கொடுக்கவில்லை. ஆயாவின் துணியில் இன்னும் இரண்டு அரை கிரவுன்கள் கறுத்துக் கிடக்கின்றன. அவற்றோடு இதையும் முடிந்து வைத்துவிட்டேன்.