ஆர்எக்ஸ் 100 கார்பரேட்டரை சர்வீஸுக்கு விடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு விடுங்கள்

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, குறிப்பாக யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) சர்வீஸ் என்று வண்டியை வாங்கி, சில பட்டறைகளில் உள்ளே இருக்கும் ஒரிஜினல் மிகுனி கம்பெனி கார்பரேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிக் கொடுக்கிறார்கள். எனக்கு நடந்தது. பட்டறை பெயரைப் போடவில்லை, ஊர் ஈரோடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பாவுடைய வண்டி, 1989 மாடல். இந்த மாடலின் தயாரிப்பு 1996-லேயே நின்றுபோனது, அதனால் ஒரிஜினல் பாகத்துக்கு இருக்கும் கிராக்கி உங்களுக்கே தெரியும். எங்கள் வண்டியில் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிக்கொண்டிருந்தது, நிறுத்தி வைத்தால் கீழே சொட்டும். அவ்வளவுதான் புகார். பெரும்பாலும் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் ஃப்ளோட்டுக்கு மேலே, பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு தேய்ந்தாலோ, அதில் தூசி மாட்டினாலோ வருகிற பிரச்சினை. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனால் பெட்ரோல் போட்டுப் போட்டு கார்பரேட்டரே போச்சு தம்பி, ஒரிஜினல் கிட் வரவழைச்சுப் போட்டுடறேன்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எல்லோரும் நம்பிவிடுகிறோம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், தண்ணீரை இழுக்கும், வண்டி ஓடாமல் நின்றால் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைக்கும், எல்லாம் சரி. ஆனால் ஓ ரிங், பேக்கிங், நீடில் வால்வு மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு பாடியையே மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

2,800 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், கடைப் பெயர்கூட இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டி, "புகையே இல்லை பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஓட்ட ஆரம்பித்ததும் பிக்கப் குறைந்தது தெரிந்தது, மேடு ஏறும்போது என்ஜின் சூடு தொடை வரைக்கும் அடித்தது, சிக்னலில் நின்றால் ஐடிலிங் தானாக ஏறும், சில நேரம் அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. பழுப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக்கில் இது சின்ன விஷயம் இல்லை, ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் எரிகிறது, சூடு ஏறினால் பிஸ்டன் ஜாம் ஆகும்.

அதற்கு முன் நான் கார்பரேட்டரைத் திறந்ததே இல்லை. இருந்தாலும் அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போக மனம் வரவில்லை, வாசலில் பேப்பர் விரித்து நானே திறந்தேன், அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான பவுலைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "இது நம்மளுது இல்லப்பா" என்றார். பல வருடங்களுக்கு முன் பவுல் ஸ்க்ரூ ஒன்று மரை வழுக்கிப்போய், அந்த இடத்தில் மட்டும் அவர் ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போட்டிருந்தார். இப்போது இருந்தவை எல்லாமே பளபளவென்று புது ஸ்டார் ஸ்க்ரூக்கள். போனில் வண்டியைக் கழுவியபோது எடுத்த பழைய போட்டோ ஒன்று இருந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் ஆலன் போல்ட் தெளிவாகத் தெரிகிறது.

உள்ளே இன்னும் மோசம். மெயின் ஜெட்டில் எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை, மொழுக்கென்று இருந்தது. மிகுனி ஒரிஜினல் ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட சின்ன முத்திரையும் அளவு எண்ணும் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும். பவுல் பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் பாண்ட் பசை தடவியிருந்தார்கள், அதில் ஒரு துணுக்கு உரிந்து, ஐடிலிங்கில் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட் பக்கம் கிடந்தது. என்ஜினையும் கார்பரேட்டரையும் இணைக்கிற ரப்பர் ஜாயின்ட் வழியாகவும் காற்று எடுத்தது. அதை மறைக்க ஐடிலிங் ஸ்க்ரூவைக் கண்டபடி ஏற்றி வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் புகை ஏன் இல்லை என்பது புரிந்தது. இந்த வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்பரேட்டருக்கும் இன்னொன்று ஆயில் பம்புக்கும் போகும். பம்புக்குப் போகிற கேபிள் தொளதொளவென்று தொங்கியது. நாம் முறுக்குகிற அளவுக்கு ஆயில் போகவில்லை. பெட்ரோலும் குறைவு, ஆயிலும் குறைவு, புகை எங்கிருந்து வரும்? இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும், "பழைய வண்டிதானே, ரீபோர் பண்ணணும்" என்று சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் அடுத்த வேலை அதே பட்டறையில் ஆரம்பித்திருக்கும். சிலிண்டர் ப்ளாக் கழன்று அவர்கள் கைக்குப் போனால் அதில் எது ஒரிஜினலாகத் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும். ஒரு கார்பரேட்டர் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கட்டிக்காத்த என்ஜினையே சாகடிக்கப் பார்த்தார்கள் என்பதுதான் தாங்கவில்லை.

போட்டோவோடு போய்க் கேட்டேன். "கிட்ல வந்ததைத்தான் போட்டேன், பழசை காயலான் கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்" என்றார். சத்தம் போட்ட பிறகு பாதிப் பணம் திரும்ப வந்தது, கார்பரேட்டர் வரவில்லை. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய ஒரிஜினல் ஒன்று வாங்கி நானே சேர்த்துப் பொருத்தினேன்.

முதல் முறை திறப்பவர்கள் கழற்றும்போதே எழுதி வையுங்கள்: ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் மாட்டியிருக்கும் நீடிலில் கிளிப் எந்த வெட்டில் இருந்தது, ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருப்பினால் எத்தனை சுற்று வந்தது. பலம் கொடுத்து முறுக்கினால் முனை கெட்டுவிடும். எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு கால் கால் சுற்றாக மாற்றுங்கள். இதில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் காற்று குறையும், வெளியே எடுத்தால் கூடும். என்ஜின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் கார்பரேட்டர்களில் இது நேர்மாறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்லைடின் வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டுக் காடி உள்ளே இருக்கும் பின்னில் உட்கார வேண்டும், உட்காராமல் மூடியைத் திருகினால் ஆக்சிலரேட்டர் திரும்பி வராது. ஸ்டார்ட் பண்ணும் முன் முறுக்கி விட்டு, டக்கென்று கீழே இறங்குகிற சத்தத்தைக் கேளுங்கள். கடைசியாக ஆயில் பம்பில் கேபிளின் அளவைக் காட்டும் குறியைச் சரிபாருங்கள், ஆக்சிலரேட்டரை எந்த நிலையில் வைத்துப் பார்ப்பது என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, அதைத் தாண்டாதீர்கள்.

பட்டறையில் விடுவதாக இருந்தால் கார்பரேட்டரை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, மெக்கானிக் கண்முன்னாலேயே எடுங்கள், பவுலில் ஒரு சின்னக் கீறல் போட்டு வையுங்கள். மாற்றிய பழைய பாகம் எல்லாம் கையில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைப் பெயரோடு பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் யாராவது உங்களிடம் பவுலில் ஒரே ஒரு ஆலன் போல்ட் போட்ட மிகுனி விற்க வந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், அப்பா இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.