ஆஸ்டின் செவன் சேஸிஸ்: தளர்ந்த ரிவெட்டை மறுபடி அடிப்பதா, போல்ட் போடுவதா?

ஆஸ்டின் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் சிறு காரின் பாடியைக் கழற்றி, அடிச்சட்டமான சேஸிஸைத் துடைத்துப் பார்த்தால், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகளில் ரிவெட் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) தலையைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி கசிந்திருப்பது பெரும்பாலும் கண்ணில் படும். மழைத்தண்ணீர் கொண்டுவந்த துரு வேறு, இது வேறு. இரண்டு தகடுகள் ஓயாமல் உராய்ந்து அரைத்துத் தள்ளிய இரும்புத்தூள் இது. ரிவெட் தலையில் ஒரு விரலை வைத்து, மறுமுனையைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். விரலில் அதிர்வு சுருக்கென்று தெரிந்தால் அந்த ரிவெட் போய்விட்டது. சந்தேகம் தீராவிட்டால் மூட்டில் டீசல் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் பூசிவிட்டுச் சட்டத்தை முறுக்குங்கள். தளர்ந்த இடத்தில் எண்ணெய் வளையமாக வெளியே வரும்.

1922 முதல் 1939 வரை இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜில் செய்யப்பட்ட இந்தக் காரின் சேஸிஸ் மிக எளிமையானது. முன்னால் குவிந்து பின்னால் விரியும் இரண்டு மெல்லிய சட்டங்கள், அவற்றை இணைக்கும் சில குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். முன் அச்சைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம்களின் பந்து மூட்டும், பின் அச்சிலிருந்து முன்னோக்கி வரும் டார்க் டியூப் என்ற குழாயின் பந்து மூட்டும் இந்தக் குறுக்குச் சட்டங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரேக் பிடித்தாலும் கிளட்சை விட்டாலும் அந்தத் தள்ளல் முழுவதும் ஒரு கைப்பிடி ரிவெட்டுகள் வழியாகவே சட்டத்துக்குப் போகிறது. அல்ஸ்டர் போன்ற ஸ்போர்ட்ஸ் வகையில் வேகம் கூடுவதால் மூலைகள் இன்னும் சீக்கிரம் தளரும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் சட்டத்தின் முறுக்கு எஞ்சினுக்குப் போகும், எஞ்சினின் கீழ் உறையான கிராங்க்கேஸைச் சட்டத்தோடு பிணைக்கும் காதுகளில் விரிசல் விழும்.

வழிகள் ஐந்து. முதல் வழியான வெல்டிங்கை உடனே தள்ளிவிடலாம். தளர்ந்த ரிவெட் தலையைச் சுற்றி வெல்டு ஓட்டினால் தலைதான் ஒட்டும். ஓட்டைக்குள் உடல் அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். வெல்டின் ஓரத்தில் தகடு கடினமாகி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கேயே கீறல் தொடங்கும். பாப் ரிவெட்டும் இந்த வேலைக்கு ஆகாது, அதன் உடல் உள்ளீடற்றது.

மிஞ்சுவது மூன்று: பழுக்கக் காய்ச்சி அடிக்கும் ரிவெட், காய்ச்சாமல் பிரஸ்ஸில் அழுத்தும் ரிவெட், ரீமர் (ஓட்டையைத் துல்லியமான அளவுக்குக் கடையும் கருவி) ஓட்டி இறுக்கமாக நுழைக்கும் போல்ட். என் தேர்வு இரண்டாவது. அதற்கான காரணம் ஒன்றே ஒன்று: மூட்டின் கனம்.

காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது நீளத்தில் சுருங்கித் தகடுகளை இழுத்துப் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாலத்திலும் பாய்லரிலும் அது பிரமாதமாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே ரிவெட் கடக்கும் தகடுகளின் கனம் 25 மி.மீ., 40 மி.மீ. என்று இருக்கும். ஆஸ்டின் செவனில் இரண்டு தகடும் சேர்ந்தே சுமார் 6 மி.மீ.தான். 600 டிகிரியிலிருந்து ஆறும் எஃகு முக்கால் சதவீதம் சுருங்கும். 6 மி.மீ.க்கு அது 0.05 மி.மீ.கூட வராது. அதிலும் பெரும்பகுதி எஃகின் நிரந்தர நீட்சியில் கரைந்துபோக, ஸ்பிரிங் போல மீளும் பிடியாக எஞ்சுவது சில மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). தகடுகளுக்கு நடுவே ஒரு துகள் துருவோ பெயின்ட்டோ நசுங்கினால் அந்தப் பிடி காணாமல் போய்விடும். போதாததற்கு, ரிவெட் விட்டத்திலும் சுருங்குவதால் ஓட்டைச் சுவருக்கும் உடலுக்கும் நடுவே நூலிழை இடைவெளி விழுகிறது. பிடியும் போய், இடைவெளியும் விழுந்துவிட்டால் மூட்டு மறுபடி உராயத் தொடங்கும்.

போல்ட்டுக்கும் இதே கதிதான். சரியான முறுக்கில் இறுக்கிய உயர் இழுவிசை போல்ட் இவ்வளவு குட்டையான மூட்டில் நீள்வது 10 முதல் 20 மைக்ரான். ஒரு பூச்சுப் பெயின்ட்டின் கனமோ 50 மைக்ரானைத் தாண்டும். வாஷருக்கு அடியில் பெயின்ட் கொஞ்சம் அமுங்கினாலே இறுக்கம் பாதியாகும். லாக் நட் போட்டால் நட் கழன்று விழாது என்பது உண்மை, ஆனால் போன இறுக்கத்தை அது மீட்டுத் தராது. திரும்ப இறுக்கலாமே என்றால், பாடியும் கியர்பாக்ஸும் ஏறியபின் அந்த நட்டுகளில் பாதிக்கு ஸ்பானர் போகாது.

காய்ச்சாமல் அழுத்திய ரிவெட் இழுவிசையை நம்பியே இல்லை. பிரஸ் அழுத்தும்போது தலை உருவாவதற்கு முன்பே உடல் பெருத்து ஓட்டையை முழுக்க நிரப்பிவிடுகிறது. அது ஆறுவதும் இல்லை, விட்டத்தில் சுருங்குவதும் இல்லை. மெல்லிய தகட்டில் வெட்டுவிசையைத் தாங்க வேண்டியது ஓட்டைச் சுவர்தான். அந்தச் சுவரோடு உலோகம் ஒட்டி உட்கார்ந்திருப்பதே இங்கே முக்கியம்.

செய்முறை இப்படி. பழைய ரிவெட்டைக் கேஸ் கட்டரால் எடுக்கக் கூடாது. தலையின் நடுவில் பஞ்ச் அடித்து, உடலைவிட 1 மி.மீ. சிறிய டிரில்லால் தலையின் ஆழம் மட்டும் துளைத்து, உளியால் தலையைத் தட்டிவிடுங்கள். பின்பக்கம் முட்டுக்கொடுத்துப் பஞ்சால் உடலைத் தள்ளுங்கள். உராய்ந்து படி விழுந்த உடல் நகர மறுக்கும். அடித்தால் தகடுதான் வளையும், அதனால் அதைத் துளைத்தே எடுங்கள். முன்முனை மையத்திலிருந்து இரு பின்முனைகளுக்கும் உள்ள தூரத்தை முதலிலேயே அளந்து எழுதி வைப்பது அவசியம். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லா ரிவெட்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்றே தெரியாமல் போகும். தகடுகளைப் பிரித்து நடுவிலுள்ள துருவைச் சுத்தமாக எடுத்து, துத்தநாக பிரைமரை மிக மெல்லியதாகப் பூசுங்கள்.

5/16 அங்குல ரிவெட் என்றால் பழைய ஓட்டை 7.94 மி.மீ.க்குச் சற்று மேலே இருக்கும். கொஞ்சம் கோழிமுட்டை வடிவமாகியிருந்தால் 8.2 மி.மீ.க்கு ரீமர் ஓட்டி, 8 மி.மீ. மைல்டு ஸ்டீல் ரிவெட்டைப் போடலாம். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் பின்னால் செம்புக் கட்டியை வைத்து வெல்டு நிரப்பி, சமமாக அரைத்து, புதிதாகத் துளைப்பதே நல்லது. ஓட்டையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து இரண்டு விட்டமாவது தள்ளியிருக்க வேண்டும். ரிவெட்டின் நீளம்: தகடுகளின் கனம், அதனுடன் தலைக்கு ஒன்றரை விட்டம், ஓட்டை நிரம்ப 1 மி.மீ. அதாவது 6, 12, 1 கூட்டினால் 19 மி.மீ. நீளம் குறைந்தால் தலை முழுதாக உருவாகாது, கூடினால் தலையைச் சுற்றி விளிம்பு பிதுங்கும்.

25 மி.மீ. தகட்டில் வெட்டிய ‘சி’ வடிவச் சட்டம், 20 டன் ஹைட்ராலிக் சிலிண்டர், இரண்டு பக்கமும் ஒரே குழிவுள்ள ஸ்நாப் (ரிவெட் தலைக்கு வடிவம் தரும் அச்சு). கருவி இவ்வளவுதான், லேத் பட்டறையில் செய்துவிடலாம். பக்கத்து ஓட்டைகளில் போல்ட் போட்டுத் தகடுகளை முழுக்க நெருக்கிய பிறகே அழுத்துங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான் பாதி வேலைகள் கெடுகின்றன. இடைவெளி இருந்தால் ரிவெட்டின் உடல் தகடுகளுக்கு நடுவே பெருத்து, அவற்றை நிரந்தரமாகப் பிரித்து வைத்துவிடும். முடிந்ததும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையக் கூடாது.

போல்ட்டுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘சி’ சட்டம் எட்டாத குறுகிய மூலையில் அதுதான் வழி. கடை போல்ட்டை அப்படியே நுழைத்தால் மரை தகட்டுக்குள் உட்கார்ந்து ஓட்டையை அரம் போலத் தின்னும். ஓட்டையை 8.5 மி.மீ.க்கு ரீமர் ஓட்டி, 3/8 அங்குல உயர் இழுவிசை போல்ட்டின் உடலை லேத்தில் அதே அளவுக்குக் கடைந்து, முனையில் 5/16 மரை வெட்டுங்கள். கடைந்த உடல் தகடுகளின் கனத்தைவிட 0.3 மி.மீ. குட்டையாக இருந்தால்தான் நட் தகட்டைப் பிடிக்கும். கட்டையால் தட்டித்தான் அது உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளியே போய்விட்டால் இன்னொன்று கடையுங்கள். வாஷர் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள், நட் முழு உலோக லாக் நட்டாக இருக்கட்டும்.

விற்கும்போது அறுகோணத் தலைகளைப் பார்த்தால் விவரமறிந்தவர் விலையைக் குறைத்துக் கேட்பார். தலையை உருண்டையாகக் கடைந்து போடுபவர்கள் உண்டு. பின்பக்க நட் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். கனமான சேஸிஸுள்ள பெரிய கார்களில் கணக்கு மாறும். 3/8 அங்குலத்துக்கு மேற்பட்ட ரிவெட்டைக் காய்ச்சாமல் அழுத்தப் பெரிய பிரஸ் வேண்டும், மூட்டும் கனமானது. அங்கே ரிவெட்டை நெருப்பிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் எடுத்து, மங்கிய சிவப்புக்கு இறங்குமுன் தலையை முடிப்பதே சரி. நிறம் போனபின் தட்டினால் எஃகு நொறுங்கும் வெப்பத்தில் இருக்கும், தலையில் முடியளவு கீறல் விழும்.