மக்னீசியம் குளிசைகள்: திருகோணமலை பாமசிகளில் சீனி வருத்தக்காரர் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கால் பிடிக்கிறது என்று டவுன் பாமசியில் சொன்னால், கையோடு ஒரு மக்னீசியம் போத்தலை எடுத்து நீட்டிவிடுவார்கள். சீனி வருத்தக்காரருக்கு மக்னீசியம் குறைவது உண்மைதான். இரத்தத்தில் சீனி ஏறினால் சலம் கூடிப் போகும், அதோடு மக்னீசியமும் போய்விடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெபிரசோலை நெடுநாள் எடுப்பவருக்கு இன்னும் குறையும். ஆனால் மிஞ்சும் மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை அளவு 30க்குக் கீழே போனவருக்கு அது உடம்பிலேயே தேங்கும். அவர் வைத்தியரைக் கேட்காமல் எந்த வகையையும் வாங்கக்கூடாது. கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் விற்கும் கடைக்கு இந்த விஷயத்தில் எங்களிடம் புள்ளி கிடையாது.

வகைகளில் மலிவானது மக்னீசியம் ஒக்சைட். முன்பக்கம் 500 என்று பெரிதாக இருக்கும். அது ஒக்சைட்டின் எடையா, உள்ளே இருக்கும் மக்னீசியமா என்பது பின்பக்கச் சின்ன எழுத்தில்தான் தெரியும். 500 மி.கி. ஒக்சைட்டில் மக்னீசியம் ஏறத்தாழ 300 மி.கி. பார்க்க லாபம், குடல் எடுப்பதோ கொஞ்சம், மிச்சம் வயிற்றோட்டம். சீனிக்கு எடுக்கும் மெட்ஃபோமினால் ஏற்கெனவே வயிறு கலங்குபவருக்கு இது வேண்டாம், ஓட்டத்தோடு மக்னீசியமும் போகும். மக்னீசியம் சிற்றேட் என்ற வகையில் 1000 மி.கி.க்கு 160 மி.கி.தான் மக்னீசியம், ஆனால் நன்றாக உடம்பில் சேரும். மக்னீசியம் கிளைசினேட் வயிற்றுக்கு இதம், விலை கையைச் சுடும். சிறுநீரகம் நன்றாக இருந்து, பரிசோதனையிலும் குறைவென்று வந்தால் எங்கள் தெரிவு சிற்றேட், சாப்பாட்டோடு.

தண்ணீரில் நுரைத்துக் கரையும் குளிசை குடிக்க நல்ல ருசி. அந்த நுரைக்காகப் பெரும்பாலும் சோடியம் பைகாபனேற்று சேர்ப்பார்கள். பிரஷர் உள்ளவர் சோடியம் அளவை வாசிக்காமல் வாங்கவேண்டாம்.

யாரும் கணக்கில் எடுக்காதது நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி. பலவற்றில் மக்னீசியம் ஹைட்ரொக்சைட் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர் அதை நாளாந்தம் குடித்து, தசை சோர்ந்து, தூக்கமாகவே இருந்து, நாடி மெதுவானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

“சிறுநீரகத்தைக் காக்கும்” என்ற லேபலுக்குக் காசு கூடக் கொடுக்காதீர்கள். மக்னீசியம் குறைந்தவர்களின் சிறுநீரகம் வேகமாகப் பழுதாவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். குளிசை அதைத் தடுக்கும் என்பது நிரூபணமாகவில்லை. அந்தக் காசுக்கு வருடத்துக்கு ஒருமுறை சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பாருங்கள், சிறுநீரகப் பழுதை அது காட்டும். இரத்த மக்னீசியமும் பார்க்கலாம், லீற்றருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை சாதாரணம். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் 1 சதவீதம் அளவே இரத்தத்தில் இருப்பதால், அளவு சரியாக வந்தாலும் குறைவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

தைரொயிட்டுக்குத் தைரொக்சின் எடுப்பவர் அதற்கும் மக்னீசியத்துக்கும் நடுவே 4 மணித்தியாலம் விடவேண்டும். இதைக் கடையில் கேட்காமலே சொன்னால் நல்ல பாமசி.