யானையா, குதிரையா, ஒட்டகச்சிவிங்கியா?

எங்கள் வீட்டில் எட்டு மாத வயதுடைய நடுவர் ஒருவர் இருக்கிறார். இன்னும் ஒரு பல்லும் முளைக்காதவர்; ஆயினும் எதையும் ஈறால் கடித்து விசாரித்த பின்னரே தீர்ப்பு வழங்குவார். அவர் முன் நிறுத்தப்பட்டவை மூன்று: பஞ்சடைத்த துணி யானை, கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் செய்த மரக்குதிரை, ரப்பர் ஒட்டகச்சிவிங்கி.

பார்வைக்கு அழகு துணி யானைதான். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் அதையே வாங்கி வருவதற்கும் அதுவே காரணம். கடித்தால் எதிர்ப்பில்லை, எறிந்தால் ஓசையில்லை என்பதால், நடுவர் அதை அரை நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிட்டு, அதன் வயிற்றோரம் தைத்திருந்த சலவைக் குறிப்புத் துணியை மட்டும் சப்பத் தொடங்கினார். மேலும், மூச்சு முட்டும் அபாயம் இருப்பதால் ஒரு வயதுக்குள் மெத்தென்ற பொம்மைகளைக் குழந்தை தூங்குமிடத்தில் வைக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. ஆகவே இரவுப் பணிக்கும் யானை உதவாது.

மரக்குதிரையின் கதை வேறு. வெப்பாலை மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் சுழற்றி, சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நடுவருக்கு இந்த நுட்பத்தில் ஆர்வமில்லை. அது தரையில் விழும்போது எழும் 'டொக்' என்ற ஓசையே அவருக்குப் போதும். கண்ணுக்கு மறைந்த பொருளும் எங்கோ இருக்கத்தான் செய்கிறது என்பது ஏறத்தாழ இந்த வயதில்தான் குழந்தைக்குப் பிடிபடுகிறது என்றார் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. ஆராய்ச்சி அவருடையது, நாற்காலிக்கு அடியில் குனிந்து குதிரையை எடுக்கும் வேலை என்னுடையது. இருட்டில் அதன் காதுகளை மிதித்த அனுபவத்தை விரித்துரைக்க இங்கே இடமில்லை.

ஒட்டகச்சிவிங்கி, பிரான்சில் 1961இல் இயற்கை ரப்பரில் பிறந்த புகழ்பெற்ற ஒன்றின் தூரத்து உறவு. நீண்ட கழுத்து சிறு கைக்கு வாகாக இருக்கிறது. நான்கு கால்களும் ஊறும் ஈறுக்கு இதமாக இருக்கின்றன. அமுக்கினால் கீச்சிடும், அதிகாலை ஐந்து மணிக்கும் கீச்சிடும். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பல் முளைக்கும்வரை ஒட்டகச்சிவிங்கியையே வாங்கலாம். நடக்கத் தொடங்கியதும் குதிரைக்கு மாறலாம். துணி யானை இப்போது என் முதுகுக்குத் திண்டாக இருக்கிறது. சலவைக் குறிப்பு உள்ள பக்கம் நடுவரை நோக்கியே இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.