மைசூர் அரண்மனையா, தரியா தௌலத்தா: ஒரு நாளைக்கு எது தோது?

மைசூரில் ஒரே ஒரு நாள்தான் என்றால் பெரும்பாலோர் போடும் திட்டம் இதுதான்: காலையில் அரண்மனை, மதியம் சாமுண்டி மலை, சாயங்காலம் ‘அரண்மனைத் தோட்டம்’ என்று பிருந்தாவனம். ஆனால் பிருந்தாவனம் எந்த அரண்மனைக்கும் தோட்டம் இல்லை. மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயில் காலத்தில் கண்ணம்பாடி (கே.ஆர்.எஸ்.) அணைக்குக் கீழே போட்ட பூங்கா அது. தோட்டத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் அரண்மனை வேண்டுமானால் ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும். மைசூரிலிருந்து 15 கி.மீ. சுமார். காவிரிக்கரையில் திப்பு சுல்தானின் தரியா தௌலத் பாக்.

மைசூர் அரண்மனை நாம் நினைக்கிற அளவுக்குப் பழையது அல்ல. 1897-ல் அரச குடும்பத்துக் கல்யாணம் நடந்தபோது பழைய மர அரண்மனை எரிந்துபோனது; இப்போது நிற்பது 1912-ல் முடிந்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் கைவைத்தவர் என்பதால், கும்மட்டங்களைப் பார்த்ததும் பாரிமுனை ஞாபகம் வந்தால் அது தற்செயல் இல்லை. மறுபடி தீப்பிடிக்கக் கூடாது என்று கல்லும் இரும்புமாகக் கட்டினார்கள். கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்து வந்தவை. அந்த எண்கோண மண்டபத்தில் எல்லோரும் மேலே வண்ணக் கண்ணாடி மயில்களை அண்ணாந்து பார்த்தபடியே போய்விடுகிறார்கள். கீழே தரையிலும் அதே மயில் ஓடுகளில் பதிந்திருக்கிறது, குனிந்து பாருங்கள். சுவரோரம் வரிசையாகத் தசரா ஊர்வல ஓவியங்கள் இருக்கும்.

இங்கே சிக்கல் என்னவென்றால் உள்ளே போகும் வழி ஒருவழிப் பாதை. பொம்மை மண்டபத்தில் ஆரம்பித்து தர்பார் மண்டபம், அம்பா விலாசம் என்று கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பி வந்து பார்ப்பது கடினம். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உச்சி வெயிலில் கல் முற்றம் சுடும், ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருந்தால் புண்ணியம். மாடிப்படி உண்டு, முழங்கால் வலிக்காரர்களை அவசரப்படுத்தாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தங்கச் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் வருகிறோம் என்றால் ஏமாற்றம்தான். அதைத் தசரா சமயத்தில் மட்டுமே கோத்து வைப்பார்கள். தோட்டம்? புல்வெளியும் பூப்பாத்தியும் உண்டு, ஆனால் அவை அரண்மனை முழுசாகத் தெரிய விட்டிருக்கும் முன்வெளி. உட்கார்ந்து இளைப்பாற நிழல் போதாது.

தரியா தௌலத் இதற்கு நேர் எதிர். 1784-ல் முடிந்த கோடை மாளிகை. பெரும்பகுதி தேக்கு. நாலு பாகமாகப் பிரித்த பாரசீக பாணித் தோட்டத்தில், உயர்ந்த மேடை மேல் நிற்கிறது. வாசலிலிருந்து மாளிகை வரை நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் புல்வெளி. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைத் திரை தொங்கும் சாதாரணக் கட்டடம். ‘இவ்வளவுதானா’ என்று சிலர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். அந்தத் திரைகள் வெயிலிலிருந்து ஓவியங்களைக் காப்பாற்றக் கட்டியவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு அங்குலம் பாக்கி இல்லாமல் சுவர் முழுக்கச் சித்திரம். உள்ளே மங்கலாக இருக்கும். கண் பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

மேற்குச் சுவர்தான் தமிழர்கள் தவற விடக் கூடாதது. அங்கே இருப்பது காஞ்சிபுரத்துப் பக்கத்துப் பொள்ளிலூர்: 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கிய போர். சிவப்புச் சட்டை சிப்பாய்கள் சதுரமாக வியூகம் கட்டி நிற்க, நடுவே பல்லக்கில் கர்னல் பெய்லி. பக்கத்திலேயே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. அந்த பெய்லி சிறைப்பட்டு இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782-ல் இறந்தார். அவருடைய நினைவுச்சின்னம் திப்புவின் கல்லறை மண்டபமான கும்பஸ் அருகே இருக்கிறது. ஓவியத்தைப் பார்த்த கையோடு அதையும் பார்த்தால்தான் கதை முழுமையாகும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: இன்று நாம் பார்க்கும் வண்ணம் எல்லாமே திப்பு காலத்தது அல்ல. பின்னால் அழிந்துபோன பகுதிகளை ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி திரும்ப எழுத வைத்தார்.

ஆக, பிரம்மாண்டம் வேண்டுமா, மைசூர். குழந்தைகளோடு போனாலும் மைசூர்தான். நின்று பார்க்க ஒரு சுவரும், பிறகு உட்கார ஒரு மரத்தடியும் போதும் என்பவர்களுக்கு தரியா தௌலத். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு இதற்கே. ஆனால் வரிசை தெரிந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

காலை 9 மணிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆரம்பியுங்கள். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: புதிய விரைவுச் சாலை ஊரைத் தொடாமல் பைபாஸில் போய்விடும், மண்டியா தாண்டியதும் விழிப்பாக இருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும். பைக்கில் வருபவர்களுக்கு விரைவுச் சாலையில் அனுமதியே இல்லை. முதலில் ரங்கநாதர் கோயில். காவிரிக்கரை ரங்கநாதர் தலங்களில் முதலாவதான ஆதிரங்கம் இதுதான், மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப் போடக் கூடாது. அடுத்து தரியா தௌலத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், ஹைதரும் திப்புவும் அடங்கியிருக்கும் கும்பஸுக்கு முக்கால் மணி. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மைசூர் அரண்மனை. 5:30-க்கு மூடுவதால் அதற்கு மேல் தாமதித்தால் அரைகுறைதான்.

அப்புறம் சாயங்காலம். ஞாயிறென்றால் இரவு 7 மணிக்கு மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய 97,000 குண்டு பல்புகள் ஒரே சொடுக்கில் எரியும். முக்கால் மணி நேரம் நீடிக்கும். பிருந்தாவனத்தின் இசை நீரூற்றும் கிட்டத்தட்ட அதே வேளையில்தான். இரண்டையும் பார்க்கலாம் என்று டிரைவர் சொன்னால் நம்ப வேண்டாம். இருட்டில் 20 கி.மீ. ஓடி இரண்டிலும் வாலைத்தான் பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அரண்மனையை விட்டு நகராதீர்கள். மூடியதற்கும் விளக்கேற்றுவதற்கும் இடையிலுள்ள ஒன்றரை மணி நேரத்தில் தேவராஜ மார்க்கெட்டுக்கு நடந்து போய் மல்லிகையும் மைசூர்பாகும் வாங்கி வந்துவிடலாம். சாதாரண நாளில் ஒலி-ஒளிக் காட்சி முடிந்து சில நிமிடம்தான் விளக்கெரியும். அன்றைக்கு வேண்டுமானால் பிருந்தாவனம் போகலாம்.